சூலிக்களா இறங்கி வந்த வருஷம்

கல்லூத்துக்கு மேற்கே இருக்கும் கரட்டிலிருந்து களாச்செடி இறங்கி வந்த வருஷம், கோடைமழை ஏமாற்றாமல் பெய்திருந்தது, கிணறுகளில் படிக்கட்டு முங்கத் தண்ணீர் கிடந்தது, மாவு மில் சன்னாசியின் மகள் பாண்டீஸ்வரி தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீடு வந்திருந்தாள். இந்த மூன்றையும் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். செடி நடந்ததைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை; மழை பெய்ததைச் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த சங்கதிக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் பார்த்தவன் ஆடு மேய்க்கிற மொக்கராசு. ஒரு காலையில் அவன் கரட்டில் ஏறியபோது, வழுக்குப்பாறையின் விளிம்பில், அவன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து நின்றுகொண்டிருந்த பெரிய களாச்செடி அங்கே இல்லை. அது நின்ற இடத்தில், கல்லைப் பெயர்த்தெடுத்த அடுப்பு மாதிரி ஒரு குழி இருந்தது. குழியிலிருந்து சரிவில் கீழ்நோக்கி, யாரோ நெல்மூட்டையை இழுத்துப் போன மாதிரி ஒரு தடம். தடத்தைப் பிடித்து இறங்கினால், ஊருணி கண்ணுக்குத் தெரிகிற திருப்பத்தில் செடி நின்றுகொண்டிருந்தது. முள் முள்ளாகவே இருந்தது, காய் காயாகவே இருந்தது, ஓர் இலைகூட வாடவில்லை. வெகுதூரம் நடந்த பெண்ணின் சேலைக் கரையில் புழுதி ஏறியிருக்குமே, அதுபோல வேர்களில் மட்டும் செம்மண் அப்பியிருந்தது.

மொக்கராசு கீழே வந்து டீக்கடையில் சொன்னான்.

“களா எறங்கி வருதுப்பா.”

“எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கேட்டார் டீக்கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே.

“திருப்பத்துக்கு வந்திருச்சு.”

“அப்ப ஊரு வந்து சேர ஆடி பொறந்திரும். காயும் பழுத்திரும்” என்றார் அவர். பெஞ்சில் இருந்தவர்களும் அதைச் சரி என்றார்கள். காயோடும் கனியோடும் வருகிறவள் வேகமாக வர முடியாதல்லவா?

அந்தச் செடிக்கு ஊரில் சூலிக்களா என்று பெயர். மசக்கை கண்ட பெண்கள் கல்லூத்தில் மாங்காய்க்கும் புளிக்கும் அலைவதில்லை. கூட ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கரடேறிப் போய், சூலிக்களாவின் பச்சைக்காயை உப்புத் தொட்டுத் தின்பார்கள். பல் கூசக் கூச, கண்ணில் நீர் வர வர, வயிற்றுப் புரட்டல் அடங்கும்வரை தின்பார்கள். தின்றுவிட்டுத் திரும்பும்போது முள் சேலையைப் பிடிக்கும். எந்தப் பெண்ணையும் அது பிடிக்காமல் அனுப்பியதில்லை. அப்போது வெடுக்கென்று இழுக்கக்கூடாது. நின்று, திரும்பி, “விடு ஆத்தா, பெத்துக் கொண்டாந்து காட்டுறேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னால் முள் தானாக விட்டுவிடும். பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் மேலே தூக்கிப் போய்ச் செடிக்குக் காட்டி, பழுத்த களாவைப் பிதுக்கி அந்தச் சிவந்த சாற்றில் நெற்றிக்கு ஒரு பொட்டு வைத்து இறங்குவார்கள். அப்படித்தான் வழக்கம் இருந்தது. பிறகு தார்ரோடு வந்தது, மினி பஸ் வந்தது, பெண்கள் டவுன் ஆஸ்பத்திரியில் பெற்று, அப்படியே திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் புருஷன்மாரோடு போனார்கள். களாக்காய் தின்பதை யாரும் விடவில்லை. காட்டுகிறேன் என்று சொல்வதையும் விடவில்லை. காட்டுவது மட்டும் விட்டுப்போயிற்று.

இப்போது செடி நடந்து வந்துகொண்டிருந்தது. அது நடக்கிறதை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நின்றுகொண்டே இருக்கும். முகத்தைத் திருப்பி ஒரு பீடி பற்றவைத்துவிட்டுப் பார்த்தால் ஓடையைத் தாண்டியிருக்கும். வழியில் கடலைக்கொல்லைகள் இருந்தன, ஒரு கொடியைக்கூட அது மிதிக்கவில்லை. வரப்பு மேலேயே, தலைச்சுமையோடு போகிற பெண்ணைப் போல உடம்பை ஒடுக்கிக்கொண்டு போயிற்று. கருப்பசாமி கோயில் வந்ததும் தள்ளியே ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டுப் பிறகு போயிற்று. என்ன வேண்டிக்கொண்டதோ, அது கருப்பனுக்கும் அதற்கும்தான் தெரியும். உச்சிவெயிலில் புளியமரத்து நிழலுக்கு ஒதுங்கியது. களைவெட்டப் போன ஒருத்தி தன் குடத்துத் தண்ணீரை அதன் வேரில் ஊற்றி, “நடந்து வந்த உசிருக்குத் தாகமா இருக்காதா?” என்றாள். அதற்கப்புறம் அந்த வழியாகப் போன எல்லாப் பெண்களும் ஊற்றினார்கள்.

தாலுகா ஆபீசிலிருந்து விசாரிக்கச் சொன்னார்கள் என்று கிராம உதவியாளர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“எந்த சர்வே நம்பர்ல நிக்குதுன்னு கேக்குறாங்க.”

“காலையில கேட்டா ஒரு நம்பரு, சாயங்காலம் கேட்டா இன்னொரு நம்பரு” என்றான் மொக்கராசு. “எதைச் சொல்ல?”

அவர் செடியைச் சுற்றி வந்தார். உச்சியில் கருத்துப் பழுத்திருந்த ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பும் இனிப்புமாக நாக்கில் ஏறிய ருசியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “எங்கயாச்சும் நின்னுச்சுன்னா சொல்லி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செடி எதற்காக வருகிறது என்பதைக் கண்டு சொன்னவள் மாயக்கா. வாய் பெருத்தவள் என்று பெயரெடுத்த அவள், ஊருணிக்கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்று சொன்னாள்: “அடியே, அது சும்மா வரலைடி. காட்டுறேன் காட்டுறேன்னு சொல்லிட்டு ஒரு சிறுக்கி காட்டுனீங்களா? கரடேற ஒங்களுக்குத்தான் முழங்கால் வலி. அதுக்கு என்ன வலி? அதுவே பாத்துட்டுப் போகலாம்னு எறங்கி வருது.”

 அன்று பொழுது சாய்வதற்குள் கல்லூத்திலிருந்து எல்லாத் திசைக்கும் போன் போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து மினி பஸ்ஸில் பிள்ளைகள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். வழுக்கை விழுந்த பிள்ளைகள், சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிற பிள்ளைகள், மீசையை முறுக்கிவிட்ட ஏட்டுப் பிள்ளை ஒருவர், பேரன் எடுத்த பிள்ளைகள்கூட. ஒவ்வொருவரையும் பெற்றவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், செடிக்கு முன்னால் நிறுத்தி, “ஆத்தா, இதுதான் நான் சொன்னது” என்றாள். செடி ஒரு பழம் உதிர்த்தது. பெற்றவள் அதைப் பிதுக்கிப் பொட்டு வைத்தாள். ஏட்டு மட்டும் தொப்பியைக் கழற்றக் கூச்சப்பட்டார். “கழத்துடா, ஒன்னைய வயித்துல வச்சுக்கிட்டு நான் இதுகிட்டத்தான் வந்து நின்னேன்” என்று அவர் அம்மா அதட்டியதும் கழற்றினார். ஒருத்தியின் மகன் குவைத்தில் இருந்தான். அவள் செல்போனில் அவன் முகத்தை வரவழைத்து, செடிக்கு நேராக நீட்டிப் பிடித்தாள். அவன் அங்கேயிருந்து, “ஆத்தா, கும்பிடுறேன்” என்றான். செடி கொஞ்சம் யோசித்தது போல இருந்தது. பிறகு ஒரு பழத்தை உதிர்த்தது.

நெற்றியில் கருஞ்சிவப்புப் பொட்டோடு திரும்பிப் போகிறவர்களை மினி பஸ் கண்டக்டர் கேட்காமலே கல்லூத்துக்காரர்கள் என்று கண்டுகொண்டார். காட்ட வேண்டியவர்கள் எல்லோரும் காட்டியாயிற்று. ஆனாலும் செடி நிற்கவில்லை. ஊருணியைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைக் கடந்து, தெருவுக்குள் வாசல் வாசலாக அது வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் சற்று நின்றது. அந்த வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது தாண்டிப் போனதும் மூச்சை விட்டார்கள். அப்படி விட்ட மூச்சில் நிம்மதி இருந்தது, ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. இன்னும் காட்டப்படாத பிள்ளை ஒன்று ஊரில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் என்பதும் தெரிந்துவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருடைய கண்ணும் தெருக்கோடியில் இருந்த மாவு மில் பக்கமே போயிற்று.

சன்னாசிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மொக்கராசு டீக்கடையில் வாயைத் திறந்த அன்றே அவருக்குத் தெரியும், அது தன் வாசலுக்குத்தான் வருகிறது என்று. புருவத்திலும் காதுமடலிலும் எந்நேரமும் மாவு படிந்திருக்கும் அவர் அதிகம் பேசுகிறவரில்லை. மில்லில் காத்திருக்கும் பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் களா என்ற சொல் யார் வாயிலிருந்தாவது வந்தால் போதும், சுவிட்சைப் போட்டுவிடுவார். பெல்ட் சுற்றும், மில் இரையும், அந்த இரைச்சலில் சொல் அரைபட்டுப் போகும். பாண்டீஸ்வரி பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அவர் பெண்டாட்டி ஒய்யம்மா, நிறைமாதத்தில், ஒருநாள் காலையில், பழுத்த களா வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வேண்டாம் என்று அவர் சொல்லியும் கேட்காமல், ஒன்றுவிட்ட அக்கா மாயக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கரடேறினாள். அங்கேயே வலி கண்டது. கீழே கொண்டுவந்து சேர்த்து, பிள்ளையைக் கையில் வாங்கிய கொஞ்ச நேரத்தில் அவள் கண் மூடிவிட்டாள். ரத்தம் நிற்கவில்லை. அவளைக் குளிப்பாட்டியபோது கையிலும் தோளிலும் முள் கீறிய கோடுகளைச் சன்னாசி பார்த்தார். அந்தக் கோடுகள் அவர் கண்ணுக்குள் போய்த் தங்கிவிட்டன. செடிதான் அவளைப் பிடித்துக் கிழித்தது, செடிதான் அவளைத் தின்றது என்று அவர் நெஞ்சில் எழுதிக்கொண்டார். பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். பாண்டீஸ்வரி ஒருநாளும் கரடேறியதில்லை. ஒரு களாப்பழம் தின்றதில்லை. இப்போது, தாயைத் தின்றது மகளையும் கேட்டு நடந்து வருகிறது. அதுவும் மகள் வாயும் வயிறுமாக இருக்கும்போது.

“தாயி” என்றார் ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே. “நாளைக்குக் காலை வண்டியில ஒங்க மாமியா வீட்டுக்குப் போயிரு.”

பாண்டீஸ்வரி குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். “தலைப்பிரசவத்துக்குன்னு மேளதாளம் வச்சுக் கூட்டியாந்துட்டு, வயித்தோட திருப்பி அனுப்புறீங்க. எங்க மாமியா கைகொட்டிச் சிரிக்கும்ப்பா.”

“சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போகுது.”

“ஒங்க மருமகன் என்ன கேப்பாரு? ஒங்கப்பன் வீட்ல அரிசி தீந்துபோச்சான்னு கேப்பாரு. மாவு மில்லு வச்சிருக்கவரு வீட்ல!”

அவர் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்: “எனக்கு அந்தச் செடியப் பாக்கணும்ப்பா. எங்கம்மாவைக் கடைசியா நடமாடப் பாத்தது அதுதான?”

சன்னாசி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் சுவிட்சைப் போட்டார். பெட்டியில் ஒருபிடி தானியம் இல்லை. மில் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பையும் மகளுமாக அவர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது, செடி அவர்களுக்கு முன்பே வந்து அங்கே நின்றுகொண்டிருந்தது. சன்னாசி தோள்துண்டை உருவி விரித்து, மகளுக்கும் செடிக்கும் நடுவே திரையாகப் பிடித்துக்கொண்டார், கண்ணேறு படாமல் பச்சைப்பிள்ளையை மறைப்பது போல. மினி பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “ஏறுறது யாரு? இந்தம்மாவா, அந்தம்மாவா?” என்று செடியையும் சேர்த்துக் கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் பஸ் வாசலுக்கும் பாண்டீஸ்வரிக்கும் நடுவே செடி தன் முட்களை விரித்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. கோயில் தேருக்கு ஒதுங்குகிற மாதிரி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அது நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும், “அண்ணே, இவங்க இருக்கட்டும்ணே, விட்டுருங்க” என்று சன்னாசியிடம் சொல்லிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, ஊருணிப் பாதையில் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சன்னாசி துண்டைப் பிடித்தபடியே மகளை நடத்திக் கூட்டிவந்து வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். மில்லுக்குப் பின்னால்தான் வீடு. மில்லைத் தாண்டாமல் வீட்டுக்குள் போக முடியாது. அவர் மில்லை ஓடவிட்டு, குறுக்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறியது. கண்ணில் விழுந்த வியர்வையை ஒருதரம் துடைத்துவிட்டுப் பார்த்தபோது செடி வாசலில் நின்றது.

தெருவே கூடிவிட்டது. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை, வெட்டு என்று சொல்லவும் இல்லை. அவருக்கும் செடிக்குமான வழக்கு அது, ஊர் தலையிட என்ன இருக்கிறது என்பது போல நின்றார்கள். இடுப்புப் பிள்ளைகள்கூட அழவில்லை. சன்னாசி எழுந்து போனார். அருகில் பார்க்கையில் செடி அவர் நினைத்து வைத்திருந்ததைவிடப் பெரியதாக இருந்தது. பச்சையும் ரோஜா நிறமும் சிவப்பும் கருப்புமாகக் காய்த்துக் கிடந்தது. பழத்தோடு சேர்ந்து முள் முள்ளாக, கவை கவையாக, ஒவ்வொரு கவையிலும் வெயில் ஏறிப் பளபளத்தது. அரிவாளை ஓங்கி முன்கிளையில் ஒரு வெட்டு வெட்டினார்.

கிளை விழுந்தது. வெட்டிய வாயிலிருந்து பால் வடிந்தது. வெள்ளையாக, கெட்டியாக, தாய்ப்பாலைப் போல ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு, அவர் காலடி மண்ணில் விழுந்தது. அரிவாளை மறுபடி ஓங்கினார். ஓங்கியவர், வெட்டுப்பட்ட இடைவெளி வழியாகச் செடியின் நடுத்தூரைப் பார்த்துவிட்டார்.

அங்கே ஒரு முள்ளில் துணி தொங்கியது. பச்சைச் சுங்குடிச் சேலையின் முந்தானைக் கிழிசல். அதை மதுரையில் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். எத்தனை மழையும் வெயிலும் பட்டிருக்கும், அந்தப் பச்சை வெளிறவில்லை. புள்ளிகள் அரிசி போல வெள்ளையாகவே இருந்தன. கிழிசலின் ஓரத்தைச் சுற்றிச் செடி பட்டை வளர்த்து, கெட்டியாக, பத்திரமாக மூடிப் பிடித்திருந்தது.

“தம்பி” என்றாள் மாயக்கா, கூட்டத்திலிருந்து வந்து. எப்போதும் ஊருக்கே கேட்கும் அவள் குரல் அப்போது பக்கத்தில் நின்ற அவருக்கே பாதிதான் கேட்டது. “அந்தச் சேலையக் கிழிச்சது செடியில்ல தம்பி. நான்.”

அவர் அவளைப் பார்த்தார்.

“வழுக்குப்பாறை விளிம்புல நின்னு பழம் பறிச்சுக்கிட்டிருந்தா. சுருக்குன்னு வலி வந்து கண்ணு இருட்டிப்போச்சு அவளுக்கு. அப்படியே சாஞ்சா. கீழ என்ன இருக்கு? பனை ஒசரத்துக்குப் பாறை. நான் எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள முள்ளு பிடிச்சிருச்சு தம்பி. முந்தானைய, கைய, தோள, கொசுவத்த, எல்லாத்தையும் மொத்தமாப் பிடிச்சுத் தொங்க வச்சுக்கிச்சு. நான் ஓடி வந்து, விடு ஆத்தான்னு சொல்லக்கூட நேரமில்லாம, இழுத்துக் கிழிச்சுத்தான் கூட்டியாந்தேன். அது மட்டும் பிடிக்கலைன்னா தாயுமில்ல, பிள்ளையுமில்ல.”

“இத்தனை வருஷமா…” என்று சன்னாசி ஆரம்பித்தார்.

“எங்க சொல்லவிட்டீக? களான்னு வாயெடுத்தா மில்லுச் சுவிச்சப் போட்ருவீக. மில்லுக்கு மேல கத்துறதுக்கு எனக்கு மட்டும் என்ன, இரும்புத் தொண்டையா?”

கூட்டத்தில் யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். சன்னாசி அரிவாளைக் கீழே வைத்தார். உள்ளே போனார். மகள் பிறந்த நாளிலிருந்து எதைக் கேட்காமல் இருப்பதற்காகப் போட்டாரோ, அந்தச் சுவிட்சை அணைத்தார். பெல்ட் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. அந்த நிசப்தத்தில் கல்லூத்துக்காரர்கள் தங்கள் ஊரில் எத்தனை குருவிகள் இருக்கின்றன என்பதை முதன்முதலாகக் கேட்டார்கள். அவர் கதவைத் திறந்து, மகளின் கையைப் பிடித்து, மாவு படிந்த தரை வழியாக, வாசல்படி இறக்கி, செடிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். துண்டு தோளில்தான் கிடந்தது. அதை அவர் விரிக்கவில்லை.

“ஆத்தா” என்றார்.  செடி காத்திருந்தது. “இது ஒய்யம்மா மக. பேரு பாண்டீஸ்வரி. கொண்டாந்து காட்டுறேன்னு ஒங்கிட்ட அவ சொல்லியிருப்பா. அவளால வர முடியலை. அவ…” என்று நிறுத்தினார். அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் அசைத்திருக்கிறார். இப்போது சொன்னார்: “அவ இல்ல ஆத்தா. நீ பிடிச்சு நிறுத்துன பிள்ளை இதுதான். பாத்துக்க.”

அப்போதுதான் அது பூத்தது. காய்த்து முடிகிற பருவத்தில், உச்சிவெயிலில், அத்தனை கவைகளிலும், பழத்துக்குப் பக்கத்தில் பழத்துக்குப் பக்கத்தில், நட்சத்திரம் நட்சத்திரமாக வெள்ளைப் பூ விரிந்தது. விரிகிற சத்தம் கேட்டது; கூரைமேல் முதல் தூறல் விழுகிற சத்தம் போல இருந்தது அது. பிறகு மணம் வந்தது. மல்லிகை மாதிரி, ஆனால் மல்லிகையைவிட மெல்லிசாக, அந்த மணம் தெருவெல்லாம் நிறைந்து, ஊருணியைத் தாண்டி, கடலைக்கொல்லைகளில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களின் முதுகை நிமிர்த்தி, எங்கோ ரோட்டில் போய்க்கொண்டிருந்த மினி பஸ் வரைக்கும் எட்டி, டிரைவரை வண்டியை ஓரங்கட்ட வைத்தது.  கைகள் கும்பிட்டது கும்பிட்டபடி இருந்தன. பச்சைச் சுங்குடிக் கிழிசலை மூடியிருந்த பட்டை மெதுவாக வாய் திறந்தது. கிழிசல் நழுவி, காற்றில் ஒருதரம் புரண்டு, பாண்டீஸ்வரியின் வயிற்றின் மேல் வந்து விழுந்தது. அவள் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சன்னாசி குனிந்து, தான் வெட்டிப் போட்ட கிளையை இரண்டு கையாலும் எடுத்து, வெட்டுவாயோடு பொருத்தி, பால் வடியும் இடத்தில் தன் துண்டைச் சுற்றிக் கட்டினார். முள் அவர் கையைக் கீறியது. கீறட்டும் என்று விட்டார்.

செடி ஒரு பழம் உதிர்த்தது. மாயக்கா அதைப் பிதுக்கி, “எங்க ஒய்யம்மா முகந்தான், அப்படியே” என்று முனகிக்கொண்டே பாண்டீஸ்வரிக்குப் பொட்டு வைத்தாள். அது முடிந்ததும் இன்னொரு பழம் உதிர்ந்து சன்னாசியின் உச்சந்தலையில் விழுந்து, மாவின்மேல் சிவப்பாக வழிந்தது.

“ஏன் தம்பி” என்றாள் மாயக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலுக்குத் திரும்பி. “ஒங்க ஆத்தாளும் ஒங்களக் காட்டாமத்தான் விட்டுட்டாக போலருக்கு!”

தெரு முழுக்கச் சிரித்தது. சன்னாசியும் சிரித்தார். சிரிப்பும் அழுகையும் அவர் முகத்து மாவில் ஒரே வழியாகத்தான் இறங்கின.

பாண்டீஸ்வரி ஒரு கை நிறையப் பழம் பறித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து தின்னாததை நின்ற இடத்திலேயே தின்றாள், உதடும் பல்லும் சிவக்கத் தின்றாள். உள்ளே போகத் திரும்பியபோது முள் அவள் சேலையைப் பிடித்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. அவள் இழுக்கவில்லை. நின்றாள், திரும்பினாள், அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் கற்றுத்தர வேண்டாத அந்தப் பேச்சைச் சொன்னாள்.

“விடு ஆத்தா, பெத்துக் கொண்டாந்து காட்டுறேன்.”

சன்னாசி ஒய்யம்மாவை நினைத்துக்கொண்டார். இதே பேச்சு. இதே வயிறு. முள் இன்னும் விடவில்லை. அது மகளைப் பிடித்துக்கொண்டு தன்னைத்தான் பார்க்கிறது என்று அவருக்குப் பட்டது. அவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

“நான் தூக்கிட்டு வாறேன்” என்றார். “அவளால முடிஞ்சாலும் சரி, முடியாட்டாலும் சரி. நானே தூக்கிட்டு வந்து காட்டுறேன்.”

முள் விட்டது.

மறுநாள் காலையில் மில் வாசலில் செடி இல்லை. தெருவில், வரப்பில், ஓடை மணலில், வந்த தடத்துக்குப் பக்கத்திலேயே போன தடம் கிடந்தது. கிராம உதவியாளர் மறுபடி சைக்கிளில் வந்து, “நின்னுச்சா?” என்று கேட்டார். “நின்னுச்சு. வந்த எடத்துக்கே போயி நின்னுச்சு” என்றான் மொக்கராசு. அவர் அதையே மேலே சொல்லிவிட்டதாகவும், பழைய இடத்திலேயே நிற்கும் செடிக்கு விசாரணை எதற்கு என்று மேலேயிருந்து கேட்டதாகவும் பிறகு டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

புரட்டாசியில் பாண்டீஸ்வரிக்குப் பெண் பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. பிள்ளையைத் துடைத்து அவர் கையில் கொடுத்தபோது, சன்னாசி முதலில் மகளைத்தான் பார்த்தார்; அவள் கண்ணைத் திறந்து, “என்னப்பா, மில்லப் பூட்டிட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் பேத்தியைப் பார்த்தார்.

தை பிறந்து, பிள்ளைக்குக் கழுத்து நின்றது. ஒரு காலையில் சன்னாசி பேத்தியைத் தோளில் போட்டு, பச்சைச் சுங்குடிக் கிழிசலால் அதன் தலையை மூடிக்கொண்டு, கரட்டுப் பாதையில் கால் வைத்தார். பின்னால் பாண்டீஸ்வரியும் மாயக்காவும் வந்தார்கள். மாவு மில்லில் நின்றே ஆயுள் கழித்த முழங்கால்கள் அவருக்கு. ஓடை தாண்டும்போதே அவை முனகின. புளியமரத்துக்கு அப்பால் ஏற்றம் தொடங்கியதும் வலி தொடைவரை ஏறியது. “குடுங்கப்பா, நான் வச்சுக்கிறேன்” என்றாள் மகள். “வேணாம் தாயி, சொன்னது நான்” என்றார். வழுக்குப்பாறை தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் வெயிலில் மின்னியது. அதைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு, பேத்தியின் மூச்சைக் காதோரத்தில் கேட்டபடி, ஒவ்வொரு கல்லாக ஏறினார். இதற்குமேல் இந்தக் கால் வராது என்று அவர் நின்றுவிட்ட இடத்தில் நிழல் விழுந்திருந்தது. தலையை நிமிர்த்தினார்.

அது பாதி வழிக்கு இறங்கி வந்து, ஊருணி தெரிகிற திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கிளையில் அவருடைய பழைய துண்டு கட்டியபடியே இருந்தது. காய்க்கிற காலமே இல்லை அது. ஆனாலும் அந்தக் கிளையின் நுனியில், அவர் குனியவும் வேண்டாத, எம்பவும் வேண்டாத உயரத்தில், ஒரு பழம் மட்டும் கருத்துப் பழுத்திருந்தது.